காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

குப்பை மேட்டில் என்னென்னவோ கிடக்கும். ஒற்றைச் செருப்பு, கிழிந்த மெத்தை, உடைந்த வாஷ்பேசின், போன தேர்தலின் பேனர் எல்லாம் கிடக்கும். கேஸ் சிலிண்டர் கிடந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நாட்டில் 30 கோடிக்கும் மேற்பட்ட சமையல் எரிவாயு இணைப்புகள் இருக்கின்றன. அத்தனை சிலிண்டர்களும் ஊர் ஊராக, மாடி மாடியாக அலைகின்றன. ஓடையிலோ ரயில் பாதை ஓரத்திலோ ஒன்று உருண்டு கிடப்பதில்லை.

பிளாஸ்டிக் கவரைத் தெருவில் வீசும் அதே மனிதர்தான் காலி சிலிண்டரைப் பால்கனியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சிலிண்டருக்காக அவர் திருந்திவிடவில்லை. இணைப்பு வாங்கும்போதே 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் கட்டியிருக்கிறார். முன்பு 1,450 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2022 ஜூனில் 2,200 ரூபாயானது. காலியைக் கொடுத்தால்தான் நிறைந்தது வரும். தொலைத்தால் காசு போச்சு.

இருபது லிட்டர் தண்ணீர் கேனுக்கும் இதே கதைதான். முதல் தடவை கேன் அட்வான்ஸ் என்று நூற்றைம்பதோ இருநூறோ வாங்கிக்கொள்வார்கள். வீடு காலி செய்யும் நாளன்று, எத்தனை சாமான் மறந்தாலும் அந்தக் கேனைக் கொடுத்து அட்வான்ஸை வாங்க யாரும் மறப்பதில்லை. ஆனால் அதே தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் வந்தால், குடித்து முடித்த அடுத்த நிமிடம் அது பேருந்து ஜன்னல் வழியே பறக்கிறது. தண்ணீர் ஒன்றுதான், குடிப்பவரும் அவரேதான். பாட்டிலுக்கு டெபாசிட் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இந்த ஏற்பாட்டை வைப்புத்தொகை முறை என்கிறார்கள். பொருளை விற்கும்போதே அதை அடைத்திருக்கும் பாட்டிலுக்கோ கேனுக்கோ தனியாக ஒரு தொகை வாங்கிக்கொள்வது. காலியைக் கொண்டு வருபவருக்கு அதைத் திருப்பித் தருவது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஒரு ஊரோ நாடோ தன் குப்பையைக் குறைக்கச் செய்யக்கூடிய காரியங்களில், போட்ட உழைப்புக்கு இந்த அளவு பலன் தருவது வேறு ஏதும் உண்டா என்பது எனக்குச் சந்தேகமே.

சுற்றுச்சூழல் என்றதும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவுரை. மஞ்சப்பை எடுத்துப் போ, குழாயை மூடு, குப்பையைத் தொட்டியில் போடு. எதுவும் தப்பில்லை. ஆனால் எல்லாமே ஆளின் நல்ல மனதை நம்பியிருக்கிறது. காலையில் இருக்கும் நல்ல மனது, மாலையில் வேலை முடிந்து நெரிசலில் தொங்கிக்கொண்டு வரும்போது இருக்காது. கோடிக்கணக்கான பேர் சேர்ந்து வாழும் இடத்தில், எல்லோரும் எல்லா நாளும் நல்லவர்களாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்று திட்டம் போட்டால் அது நடக்காது. மனிதர் சோம்பேறியாக இருக்கும் நாளிலும், குடித்திருக்கும் நாளிலும்கூட ஓடுகிற ஏற்பாடு வேண்டும்.

குடித்திருக்கும் நாள் என்றதும் நீலகிரிக்குப் போய்விடலாம்.

மலையில் நடந்த சோதனை

மலைக்கு வருபவர்களில் சிலர், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் வளைவாகப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். குடிப்பார்கள். காலி பாட்டிலைப் பள்ளத்தில் வீசிவிட்டுப் போவார்கள். வீசுபவருக்கு அது பள்ளம். யானைக்கு அது தினமும் நடக்கும் பாதை. யானையின் உள்ளங்கால் பார்க்கத்தான் முரட்டுத்தனமாக இருக்கும். அதில் ஏறிய கண்ணாடிச் சில்லு உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்தால், பல டன் எடையை அந்தப் புண்ணின் மேல்தான் தாங்கி நடக்க வேண்டும். நடக்க முடியாத யானைக்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இந்தப் பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காலி பாட்டில்களைத் திரும்பப் பெற வழி செய்யுங்கள் என்று நீதிமன்றம் வற்புறுத்த, 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்குவார்கள். பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலியைக் கொண்டு வந்து கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்ற பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பி வந்தன. அதன் பிறகு கோவை, பெரம்பலூர் என்று ஒவ்வொரு மாவட்டமாகத் திட்டம் பரவியது.

இதே பாட்டில்களை அபராதம் போட்டுத் தடுத்திருக்க முடியாதா? யோசித்துப் பாருங்கள். கோத்தகிரி மலைப்பாதையில் இரவு ஒன்பது மணிக்குப் பாட்டில் வீசுபவரை யார் பிடிப்பது? பிடித்தாலும் அவர்தான் வீசினார் என்று யார் நிரூபிப்பது? ஆயிரம் ரூபாய் அபராதம் என்று பலகை வைக்கலாம். அந்தப் பலகைக்குக் கீழேயே நாலு பாட்டில் கிடக்கும், அதையும் பார்த்திருப்போம். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றால் அபராதம் ஆயிரமானால் என்ன, லட்சமானால் என்ன?

டெபாசிட் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. தண்டனையை முதலிலேயே, வாங்கும்போதே, எல்லோரிடமும் வசூலித்தாகிவிட்டது. யாரையும் துரத்த வேண்டாம், சாட்சி தேட வேண்டாம். நான் வீசவில்லை என்று காட்டுபவருக்குக் காசு திரும்பும். காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது, காட்டும் அத்தாட்சி அந்தக் காலி பாட்டிலே. போலீஸ்காரர் யாரும் இல்லாமல் ஒரு சட்டம் தானாக நடக்கிறது என்றால் இப்படித்தான் நடக்க முடியும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பத்து ரூபாய் எல்லோருக்கும் பெரிய காசு இல்லை. சொந்தக் காரில் வந்தவர் பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்ப மாட்டார், வீசத்தான் செய்வார். வீசட்டும். அந்தப் பாட்டில் விழுந்த இடத்தில் இப்போது கிடப்பது குப்பை இல்லை, பத்து ரூபாய். காலையில் அந்த வழியாகப் போகும் யாரோ ஒருவர் அதை எடுத்துவிடுவார். முன்பு அதே பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் ஓரிரு ரூபாய் தேறுவதே பெரிது. அதற்காகப் பள்ளத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். வீசியவர் திருந்தாவிட்டாலும் பாட்டில் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

1996-ல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில், மாசு செய்பவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்கிற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாற்றைக் கெடுத்த பெரிய ஆலைகளை வைத்துப் பேசப்பட்ட விஷயம் அது. குவார்ட்டர் பாட்டிலின் ஸ்டிக்கர் அதே கொள்கையின் சில்லறைப் பதிப்பு. கூடுதலாக ஒரு சலுகை: மாசு செய்யாவிட்டால் கட்டிய காசு திரும்பக் கிடைக்கும்.

ஸ்டிக்கர் எதற்கு?

பத்து ரூபாய் வாங்கினோம், பத்து ரூபாய் கொடுத்தோம் என்று விட்டுவிட முடியாதா, நடுவில் ஸ்டிக்கர் ஏன் என்று தோன்றலாம். நீலகிரியில் மட்டும் டெபாசிட் இருந்து, மலைக்குக் கீழே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கீழே பழைய பாட்டிலை ஓரிரு ரூபாய்க்கு மூட்டை மூட்டையாக வாங்கி மேலே ஏற்றிப் பத்து ரூபாய்க்கு விற்கலாம். கட்டாத டெபாசிட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கற்பனை இல்லை இது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீர், குளிர்பானக் கேனுக்கு 10 சென்ட் டெபாசிட். பக்கத்து மாநிலங்களான ஓஹையோவிலும் இண்டியானாவிலும் டெபாசிட்டே கிடையாது. அங்கிருந்து லாரியில் கேன் கடத்தி வந்து காசு வாங்குவது மிச்சிகனில் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் கடத்தலைத்தான் இங்கே ஒரு ஸ்டிக்கர் தடுக்கிறது.

ஆனால் ஸ்டிக்கர் என்பது காகிதம். கடை ஜன்னலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, இதுல ஸ்டிக்கர் இல்லையே.”

“மழையில ஊறிக் கழண்டுடுச்சு தம்பி. நேத்து இங்கதான வாங்கினேன்.”

“ஸ்டிக்கர் இருந்தாத்தாண்ணே காசு கொடுக்க முடியும். என் கையில இருந்து போகும்.”

இருவர் சொல்வதும் நியாயம்தான். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், கடை மூட இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது. விற்பனையாளர் ஒரு கையால் புதுப் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இன்னொரு கையால் காலியை வாங்கிச் சரிபார்க்க வேண்டும், காசு எண்ண வேண்டும். வாங்கிய காலிகளைச் சாக்கில் கட்டி வைக்க இடம் வேண்டும். கடையே பத்துக்குப் பத்து அறை. பாட்டில் உடையும், ஈ மொய்க்கும், நாற்றம் வரும். டாஸ்மாக் ஊழியர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்தியதற்குக் காரணம் யானைமேல் வெறுப்பு இல்லை. இந்த வேலையெல்லாம் ஏற்கெனவே இருந்த வேலையின் தலையில் வந்து உட்கார்ந்ததுதான்.

சில்லறை விவகாரம் தனி. திருப்பிக் கொடுக்கும் பத்து ரூபாயை நாணயமாகக் கொடுத்தால், செல்லாது என்று வாங்க மறுக்கும் கடைகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. எல்லாப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்தாகிவிட்டது. நம் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கியைவிடப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் சொல்வதே வேதம்.

ஊழியர் சிரமத்துக்கு வழி இல்லாமல் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் காலி கேனைத் திரும்ப வாங்கும் கடைக்கு, கேன் ஒன்றுக்கு மூன்றரை சென்ட் கையாளும் கூலி உண்டு. அதைக் கொடுப்பவர் பானத்தை விநியோகிக்கும் நிறுவனம். காலியை வாங்குவதும் ஒரு வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்று ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இயந்திரம் வாங்கும் ஊர்

ஜெர்மனியில் இந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. சூப்பர் மார்க்கெட்டின் வாசல் பக்கமோ கடைசி மூலையிலோ சுவரில் வட்டமாக ஒரு துளை இருக்கும். பாட்டிலைப் படுக்க வைத்து உள்ளே தள்ள வேண்டும். உள்ளே உருளைகள் அதைச் சுழற்றி, பட்டைக் குறியீட்டையும் டெபாசிட் முத்திரையையும் தேடும். கிடைத்தால் பாட்டில் உள்ளே போய்விடும், திரையில் 25 சென்ட் ஏறும். லேபிள் கிழிந்திருந்தாலோ பாட்டில் நசுங்கியிருந்தாலோ வெளியே துப்பிவிடும். அதனால்தான் அந்த ஊரில் தண்ணீர் பாட்டிலைக் குடித்ததும் நசுக்க மாட்டார்கள். கடைசியில் பொத்தானை அமுக்கினால் ரசீது வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் வாங்கிய சாமான் விலையில் கழித்துக்கொள்வார்கள், வேண்டாமென்றால் காசாகத் தருவார்கள்.

ஒருமுறை மட்டுமே பயன்படும் பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் அங்கே 2003 ஜனவரியில் டெபாசிட் கட்டாயமானது. இன்று அவற்றில் சுமார் 98 சதவீதம் திரும்பி வருகின்றன. அந்தச் சட்டம் வந்த விதம் சுவையானது. 1991-ல் போட்ட பொட்டலப் பொருள் விதியிலேயே ஒரு நிபந்தனை எழுதி வைத்தார்கள்: கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே போனால், தூக்கி எறியும் பாட்டில்களுக்கு டெபாசிட் வரும். பங்கு குறைந்தது, நிறுவனங்கள் நீதிமன்றப் படி ஏறிப் பார்த்தன, கடைசியில் டெபாசிட் வந்தேவிட்டது. எதிர்காலத்து அமைச்சருக்குத் தைரியம் இருக்குமா இருக்காதா என்று தெரியாதபோது, நடவடிக்கையை முன்கூட்டியே விதியில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

அங்கேயும் பாட்டில் பொறுக்கும் ஏழைகள் உண்டு, ஓய்வூதியம் போதாத முதியவர்கள் உண்டு. அவர்கள் குப்பைத் தொட்டிக்குள் கையை விட வேண்டாமே என்று பலர் காலி பாட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போவார்கள். சில நகரங்களில் தொட்டியைச் சுற்றிப் பாட்டில் வைக்க வளையமே பொருத்தியிருக்கிறார்கள். டெபாசிட் என்பது ஏழைக்கு வருமானம் தரும் திட்டம் என்று இதைக் கொண்டாடுபவர்களும் உண்டு. பணக்கார நாட்டில் ஒரு பாட்டி பாட்டில் பொறுக்கித்தான் மாதத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதில் கொண்டாட எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பழியை யார் மேல் போடுவது

கோலி சோடா காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பாட்டில் சோடாக் கம்பெனிக்குச் சொந்தம். கடையிலேயே நின்று குடித்துவிட்டு அங்கேயே கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் பாட்டிலுக்குக் காசு கட்டிவிட்டுப் போக வேண்டும். கழுவி நிரப்பும் செலவு கம்பெனியுடையது, அதனால் பாட்டில் திரும்ப வருவதில் அக்கறையும் கம்பெனியுடையது.

தூக்கி எறியும் கேனும் பிளாஸ்டிக் பாட்டிலும் வந்ததும் அந்த அக்கறை போய்விட்டது. நிறுவனத்துக்குக் கழுவும் வேலை மிச்சம், காலியைத் திரும்பக் கொண்டு வரும் லாரி மிச்சம். அந்தச் செலவு மாயமாகவில்லை; நகராட்சியின் தலைக்கும், வாய்க்காலுக்கும், மாட்டின் வயிற்றுக்கும் போனது.

அமெரிக்காவில் இது முதலில் நடந்தது, எதிர்ப்பும் அங்கேதான் முதலில் வந்தது. 1953-ல் வெர்மான்ட் மாநிலம் திருப்பி நிரப்ப முடியாத பாட்டில்களில் பீர் விற்கத் தடை போட்டது. அதே 1953-ல் கேன், பாட்டில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1971-ல் அது வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரம் பெரும்புகழ் பெற்றது: பழங்குடி உடையில் ஒருவர் படகில் வருவார், காலடியில் யாரோ வீசிய குப்பை விழும், அவர் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர். மாசை மக்களே உண்டாக்குகிறார்கள், மக்களே நிறுத்தவும் முடியும் என்பது அதன் வாசகம். நடித்தவர் உண்மையில் இத்தாலிய வம்சாவளி. பாட்டிலைத் தயாரித்தவர்களின் காசில், பாட்டிலைப் போடுகிறவன்தான் குற்றவாளி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எழுபதுகளில் மாநிலங்கள் டெபாசிட் சட்டம் கொண்டு வர முயன்றபோது இதே அமைப்பு அதை எதிர்த்தது. குப்பை என்றாலே தனிமனித ஒழுக்கம் என்று நாம் யோசிப்பதில் இந்த மாதிரிப் பிரச்சாரத்துக்கும் பங்கு உண்டு.

அந்தக் கண்ணீர் விளம்பரம் வந்த அதே 1971-ல் ஓரிகன் மாநிலம் டெபாசிட் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அந்த நாட்டில் அதுவே முதல். பாட்டிலுக்கு 5 சென்ட். சாலையோரக் குப்பையில் ஏறத்தாழ 40 சதவீதமாக இருந்த பானப் பாட்டில்களும் கேன்களும் 1979-ல் சுமார் 6 சதவீதமாகச் சுருங்கின.

அப்புறம் விலைவாசி தன் வேலையைக் காட்டியது. பாலும் பெட்ரோலும் ஏறின, டெபாசிட் மட்டும் அதே 5 சென்ட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. 1971-ன் 5 சென்ட் 2017-ல் சுமார் 30 சென்ட்டுக்குச் சமம். அதாவது டெபாசிட்டின் மதிப்பு ஆறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது. 2016 வாக்கில் திரும்பி வரும் விகிதம் 64 சதவீதத்துக்கு இறங்கியது. நல்லவேளை, தொடர்ந்து இரண்டு வருடம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டெபாசிட் இரட்டிப்பாகும் என்று சட்டத்தில் இருந்தது. 2017 ஏப்ரலில் 10 சென்ட் ஆனது, இரண்டு வருடத்துக்குள் விகிதம் மீண்டும் 80-ஐத் தாண்டியது. மக்களின் குணம் இரண்டு வருடத்தில் மாறுமா என்ன? தொகைதான் மாறியது. நம் பத்து ரூபாயும் பத்து வருடம் அப்படியே இருந்தால் அதன் கதி என்னவாகும் என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

திரும்பி வந்த பிறகு

பாட்டில் கடைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. கண்ணாடிப் பாட்டிலுக்கு இரண்டு வழி உண்டு. கழுவி மறுபடி நிரப்பலாம், அல்லது உடைத்து உருக்கிப் புதுப் பாட்டில் வார்க்கலாம். இரண்டையும் மறுசுழற்சி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கண்ணாடி உலை சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் எரிய வேண்டும். மூலப்பொருளில் பத்தில் ஒரு பங்கு உடைந்த கண்ணாடியைச் சேர்த்தால் மிச்சமாகும் எரிபொருள் சுமார் 3 சதவீதம்தான். கழுவி நிரப்பினால் உலையே வேண்டாம். ஜெர்மனியில் நல்ல கண்ணாடிப் பாட்டில் 50 தடவை வரை நிரப்பப்படுகிறது. அலுமினியக் கேனின் கதை வேறு. அதை உருக்கிப் புதுக் கேன் செய்தால், தாதுவிலிருந்து செய்வதற்கு ஆகும் ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம். அங்கே உருக்குவதே லாபம்.

ஜெர்மனி இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். டெபாசிட் கொண்டு வந்ததே கழுவி நிரப்பும் பாட்டில்களைக் காப்பாற்றத்தான். ஆனால் மலிவு விலைக் கடைகள் ஒருமுறைப் பிளாஸ்டிக் பாட்டிலையே பிடித்துக்கொண்டன. டெபாசிட் இருப்பதால் அது சுத்தமாகத் திரும்பி வருகிறது, நல்ல விலைக்கும் போகிறது. விளைவு: 98 சதவீதம் திரும்பி வருகிறது, ஆனால் கழுவி நிரப்பும் பாட்டில்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. திரும்பி வரும் விகிதத்தை மட்டும் பார்த்து மார் தட்டக் கூடாது.

திரும்பி வந்தும் தப்பான இடத்துக்குப் போகும் பொருளும் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கணிசமாகக் குறைப்பார்கள். இதுவும் ஒருவகை டெபாசிட்தான். அதனால் பழைய பேட்டரி எதுவும் தெருவில் கிடப்பதில்லை. ஆனால் அதிலிருக்கும் ஈயம் முறையான ஆலைக்குப் போகாமல், எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் திறந்த அடுப்பில் உருக்கப்பட்டால், அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும். முழுமையாகத் திரும்பி வந்த பொருளே விஷமாகும் இடம் இது. கொட்டகைக்குப் போகாமல் தடுக்கப் பதிவேடும் ஆய்வும்தான் வேண்டும்; டெபாசிட் அதைச் செய்யாது.

எல்லாவற்றுக்கும் டெபாசிட் போடலாமே என்று உற்சாகம் வரும். ஷாம்பு பாக்கெட்டுக்குப் போட முடியாது. கடலூரிலிருந்து கிளம்பி நாடெங்கும் பரவிய பாக்கெட் ஷாம்பு ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்கு எவ்வளவு டெபாசிட் போடுவீர்கள்? ஐம்பது பைசா போட்டால் எடுக்க ஆள் குனிய மாட்டார். ஐந்து ரூபாய் போட்டால் பொருளைவிடக் காகிதம் விலை அதிகம். வாங்கும் ஏழைக்குத்தான் பாரம். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறை அது, திரும்பி வந்தாலும் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவது பெரும்பாடு. பான் மசாலா, சிப்ஸ் உறைகளுக்கும் இதே கதி. இவற்றுக்குத் தயாரிப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும். விற்ற அளவுக்குக் குப்பையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் போடும் விதிகள் இந்தியாவில் 2022-ல் விரிவாக வந்திருக்கின்றன. காகிதத்தில் நன்றாக இருக்கின்றன.

தயாரிப்பாளரைப் பிடிப்பதில் நார்வேயின் வழி எனக்குக் கச்சிதமாகப் படுகிறது. பானப் பாட்டிலுக்கும் கேனுக்கும் அரசு ஒரு சுற்றுச்சூழல் வரி போடுகிறது. திரும்பி வரும் விகிதம் கூடக் கூட வரி குறையும். 95 சதவீதத்தைத் தொட்டால் அந்த வரியே இல்லை. எப்படித் திரும்பப் பெறுவது என்று அரசு சொல்லிக் கொடுக்கவில்லை. அது நிறுவனங்களின் பாடு. அவர்களே சேர்ந்து இயந்திரம் வைத்தார்கள், டெபாசிட் வசூலித்தார்கள், லாரி ஓட்டினார்கள். பாட்டிலைச் சந்தையில் இறக்கும்போது நூறு வழி கண்டுபிடிக்கும் மூளை, அதைத் திரும்பக் கொண்டு வரவும் வழி கண்டுபிடிக்கும்.

பெரிய சட்டம், இயந்திரம், வரி எல்லாம் வந்தால்தான் தொடங்க முடியும் என்றும் இல்லை. கோவை வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், ஏழு மலை ஏறக் கிளம்பும் பக்தர்களின் பைகளை வனத்துறையினர் சோதிப்பார்கள். தண்ணீர் பாட்டில் இருந்தால் 20 ரூபாய் வாங்கிக்கொண்டு அதில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இறங்கி வந்து பாட்டிலைக் காட்டினால் காசு திரும்பும். தேவைப்படுவது மேசை, ஸ்டிக்கர் சுருள், சில்லறைப் பெட்டி, இரண்டு ஆட்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவிலோ மலைக்கோயிலிலோ இதைச் செய்து பார்க்க நினைத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். மேசையை எல்லோரும் ஏறி இறங்கும் ஒரே வழியில் போடுங்கள். இரண்டு வழி இருக்கும் இடத்தில் இரண்டு மேசை வேண்டும். காசு வாங்கும் வரிசையும் திருப்பிக் கொடுக்கும் வரிசையும் தனித்தனியாக இருக்கட்டும். பாட்டில் இல்லாமல் வெறும் ஸ்டிக்கரை மட்டும் காட்டினால் காசு கிடையாது, ஏனென்றால் ஸ்டிக்கரை உரித்து வைத்துக்கொண்டு பாட்டிலை வீசுபவர் நிச்சயம் ஒருவர் வருவார். யார் வீசிய பாட்டிலை யார் கொண்டு வந்தாலும் கேள்வி கேட்காமல் காசு கொடுங்கள். அடிவாரத்துச் சிறுவர்களுக்கு இந்தச் செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டால், ஏழாவது மலையில் கிடக்கும் பாட்டிலும் சாயங்காலத்துக்குள் மேசைக்கு வந்துவிடும். அதனால் இருபது ரூபாய்த் தாள்களைப் போதிய அளவு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.